வெட்டிப்போட்ட நொடிகள்

1

இது ஒட்டுக்கேட்டு எழுதிய கதை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைப்பதைவிட இது மேல்.

கண்ணாடியின் பவர் மாறிவிட்டதா என்று பார்க்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குப் போயிருந்தேன். நர்ஸ் கண்ணில் சொட்டு மருந்தை விட்டு, பாவை விரியும்வரை மூடிக்கொண்டே உட்காரச் சொல்லிவிட்டுப் போனாள். அந்த மருந்து உள்ளே போய்விட்டால் மனிதன் எதற்கும் உதவமாட்டான். படிக்க முடியாது, போனில் மேய முடியாது, எதிரில் இருப்பவரின் செருப்பைப் பார்த்து அவர் தொழிலை ஊகிக்க முடியாது. காது ஒன்றுதான் மிச்சம். என் காது ஏற்கெனவே கொஞ்சம் நீளம்.

பின்வரிசையில் ஒரு கணவன், ஒரு மனைவி, மடியில் விடாமல் சிணுங்கும் ஒரு குழந்தை.

"முழுசையும் காட்டு" என்றாள் அவள்.

"அது கன்னாபின்னான்னு இருக்கு. ஆடுது. நடுவுல என் குரல் வேற."

"இருக்கட்டும். நாம வீட்டுல பார்த்தது அதைத்தானே?"

அவன் பதில் சொல்லவில்லை. இந்தக் கதை அந்த மௌனத்தில்தான் பிறந்தது. [இப்படி எழுதினால் மேடையில் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. எனக்கு அடுத்த வீட்டு விஷயம் என்றால் தூக்கம்கூடக் கலைந்துவிடும். அவ்வளவுதான்.]

2

எப்படித் தொடங்குவது?

"குழந்தையின் கண்கள் ஊஞ்சலாடின." அடித்துவிட்டேன். ஊஞ்சல் என்றதும் நீங்கள் புன்னகைத்துவிடுவீர்கள். அந்த வீட்டில் யாரும் புன்னகைக்கவில்லை.

"ஒரு தகப்பன் தன் மகளின் கண்களுக்குள் முதன்முறையாக..." இதை முடித்திருந்தால் அழகாக வந்திருக்கும். முடிக்காததற்குக் காரணமும் அதுதான். இந்தக் கதையில் அழகு கொஞ்சம் ஆபத்தான சரக்கு. போகப் போகத் தெரியும்.

"பட்டாணிக்கு ஒரு வயது முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருந்தாள். நின்றுகொண்டிருந்தவள் ஒரு நாள் பொத்தென்று உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை." இது இருக்கட்டும். இதில் அலங்காரம் ஒன்றுமில்லை.

(குழந்தையை அவர்கள் பட்டாணி என்றுதான் கூப்பிட்டார்கள். நான் வைத்த பெயர் இல்லை. நான் வைத்திருந்தால் இவ்வளவு நன்றாக இருந்திருக்காது.)

3

பட்டாணியின் அப்பாவுக்கு வேலை செய்யும் இடத்தில் பெயர் கத்திரி. வீடியோ எடிட்டர். விளம்பரம், திருமணம், கம்பெனி ஆண்டுவிழா, எதைக் கொடுத்தாலும் வெட்டி ஒட்டிப் பளபளவென்று திருப்பித் தருவான். தலைவர் மூக்கைச் சொறிந்தது, மைக் கீச்சிட்டது, மணப்பெண் கொட்டாவி விட்டது எல்லாம் இவன் கைக்கு வந்துவிட்டால் நடக்கவே இல்லை. கேமராக்காரர் கை நடுங்கி எடுத்திருந்தாலும் கவலையில்லை. முகத்தில் ஏதாவது ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அது திரையில் நகராதபடி பூட்டிவிடுவான். அதற்கேற்ப மற்றதையெல்லாம் கம்ப்யூட்டர் நகர்த்தி நகர்த்தி ஆட்டத்தை விழுங்கிவிடும். அது அவனுக்குக் கை வந்த கலை.

கண்கள் ஓடுவதை வீட்டில் முதலில் பார்த்தவன் அவன்தான். நாற்காலியில் உட்கார வைத்து வாழைப்பழத்தை மசித்து ஊட்டிக்கொண்டிருந்தான். சட்டென்று பட்டாணியின் இரண்டு கண்களும் ஓடத் தொடங்கின. இடமும் வலமுமாக ஓடின, மேலே போயின, மூலைக்குப் போயின. கொஞ்ச நேரம் நின்றன, மறுபடி ஓடின. அவள் அப்பாவைத்தான் பார்க்க முயன்றாள். பார்வை அவன் முகத்தில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. அவன் கரண்டியைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

(பயம் வந்தால் ஒவ்வொருவரும் ஒன்றை எடுக்கிறார்கள். நானாக இருந்தால் பேனாவை எடுத்திருப்பேன். அவனைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.)

அடுத்த சில நாட்கள் கண்கள் ஓடும்போதெல்லாம் படம் எடுத்தான். டாக்டரிடம் நேரம் வாங்கியதும், ஆபீசில் மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தான். டாக்டர் பத்துப் பேருக்கு நடுவில் பார்ப்பார், நல்ல இடமாகப் பொறுக்கிக் கொடுத்தால்தான் அவருக்கு விளங்கும் என்று நினைத்தான். கண் ஓடாமல் இருந்த இடங்களை வெட்டினான். மேலேயும் மூலையிலுமாகச் சிதறிய இடங்கள் குழப்பமாக இருந்தன, அவற்றையும் வெட்டினான். இடம் வலமாக ஓடியவை தெளிவாக இருந்தன, வைத்துக்கொண்டான். கழுத்துக்குக் கீழே எதுவும் தேவைப்படவில்லை. சிணுங்கல் காதைக் குடைந்தது, சத்தத்தை எடுத்துவிட்டான். படம் அங்குமிங்கும் குலுங்கியது. மூக்கின் மேல் ஒரு புள்ளியை வைத்துப் பூட்டினான். குலுக்கல் நின்றது.

கடைசியில் கிடைத்தது அப்பழுக்கில்லாத ஒரு துண்டு. அசையாத சின்ன முகம், அதில் ஓடும் இரண்டு கண்கள். தன் வாழ்க்கையிலேயே மிகவும் அக்கறையாகச் செய்த எடிட்டிங் அது என்று அவனுக்குத் தோன்றியது. அது உண்மையும்கூட. பாசத்தில் செய்த வேலை.

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். இப்படிப் பார்க்கிறவனுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானும் ஒரு பக்கத்தைப் பலமுறை திருத்தினால், அதற்கு முன்னால் என்ன எழுதியிருந்தேன் என்பதே மறந்துபோகும். வெட்டினது நடக்கவே இல்லை என்று மனது சத்தியம் செய்யும்.

4

முதல் தடவை டாக்டரிடம் அவன் மட்டும்தான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனான். மனைவிக்கு விடுப்புக் கிடைக்கவில்லை.

குழந்தைகளின் கண்ணை மட்டும் பார்க்கும் டாக்டர் அவர். பட்டாணியின் முன்னால் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட உருளையைச் சுற்றிக் காட்டினார். ஒரு கண்ணை மூடி மற்றதைச் சோதித்தார், பிறகு மற்றதை மூடினார். மருந்து விட்டு, விளக்கடித்துக் கண்ணின் உள்சுவர்வரை பார்த்தார். பட்டாணி அழுதாள், பிறகு தூங்கிவிட்டாள். கண்கள் ஒருமுறைகூட ஓடவில்லை. டாக்டர் முன்னால் ஒளிந்துகொள்வது எல்லா நோய்க்கும் உள்ள கெட்ட பழக்கம்.

அதனால் அந்தத் துண்டுப் படத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. டாக்டர் பார்த்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். குழந்தைகளின் கண் தானாக ஆடினால் அதற்குக் காரணம் பல இடத்தில் இருக்கலாம். பார்வையே சரியாக இல்லாமல், பிடிப்பதற்கு ஒன்றும் கிடைக்காமல் கண் அலையலாம். உள்சுவரும் நரம்பும் நன்றாக இருப்பதால் இவளுக்கு அது இல்லை. பிறவியிலேயே வரும் வகை உண்டு. அது முதல் சில மாதங்களிலேயே தெரிந்திருக்கும். இந்த வயதில் வந்து, தலையாட்டலோடு கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் தானாகப் போய்விடும் ஒரு வகையும் உண்டு. அப்படித் தோன்றினாலும் மூளையை ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவதுதான் வழக்கம்.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் இந்தக் கதை.

"கை கால் உதறுறாளா? உக்காரறதுல, நிக்கறதுல ஏதாவது மாற்றம் தெரியுதா?"

"இல்ல டாக்டர். இன்னும் நடக்க ஆரம்பிக்கல, அவ்வளவுதான்."

அவன் பொய் சொல்லவில்லை. இதை நான் கோர்ட்டில்கூடச் சொல்வேன். அவன் கண்ணை மூடினால் தெரிந்தது அந்தத் துண்டு. அதில் பட்டாணி ஆடவில்லை.

பட்டாணிக்குச் சளி பிடித்திருந்தது. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டாம், சில வாரம் போகட்டும் என்று டாக்டர் ஸ்கேனுக்குத் தேதி கொடுத்தார். தானாகப் போய்விடும் என்ற சொல்லை மடியில் கட்டிக்கொண்டு கத்திரி வீட்டுக்கு வந்தான்.

* டாக்டரைத் திட்ட நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கொடுத்த படத்தைத்தானே அவர் பார்க்க முடியும். நீங்களும் இப்போது நான் கொடுப்பதைத்தான் பார்க்கிறீர்கள்.

5

மனைவி பாத்திரத்தில்தான் எனக்குத் தகராறு. முதலில் எழுதியபோது அவளை அழவைத்தேன். "அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு..." என்று ஒரு வரி போயிற்று. ஆனால் எனக்குப் பின்னால் கேட்ட குரல் அழுகிற குரல் இல்லை. அது பக்கத்தில் உட்கார்ந்து, பதறாமல், தன் கால் பிரேக்கில் இருக்கிறது என்ற தைரியத்தில் பேசும் குரல். அதனால் அவளை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவள் ஆக்கிவிட்டேன். உண்மையில் அவள் என்ன வேலை பார்க்கிறாளோ, தெரியாது. வீட்டில் கத்திரி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான் என்றும் வைத்துக்கொள்வோம்.

அந்தத் தேதிக்காக அவர்கள் காத்திருந்தார்கள். சளி போயிற்று, சிணுங்கல் போகவில்லை. தூக்கினாலும் அழுகை, இறக்கினாலும் அழுகை. ஒரு காலை, குழந்தை ஒருவழியாகக் கண்ணயர்ந்தபோது, டாக்டருக்கு என்ன காட்டினாய் என்று டீச்சர் கேட்டாள். கத்திரி சற்றுப் பெருமையோடுதான் போனை நீட்டினான். அவள் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இது யாரு?"

"என்ன கேள்வி இது? பட்டாணிதான்."

"நம்ம பட்டாணி எப்ப இப்படி ஆடாம அசையாம இருந்தா? கப்பைக் கையில கொடுத்தா கை வெட்டி வெட்டி இழுக்குது அவளுக்கு. உக்கார வெச்சா சாயுறா. இதுல எங்க அதெல்லாம்?"

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கப் விழுந்ததை அவனும்தான் பார்த்திருந்தான். ஒரு தடவை இல்லை, பல தடவை. தரையைத் துடைத்ததே அவன்தான்.

வெட்டாத படங்கள் போனில் அப்படியே கிடந்தன. சாப்பாட்டு மேஜையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து இருவரும் அவற்றைப் பார்த்தார்கள். கண்கள் ஒரு திசையில் இல்லை, எல்லாத் திசையிலும் சிதறின. கூடவே தோள் துள்ளியது. கரண்டியைப் பிடித்த கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. குலுங்கியது கேமரா இல்லை. பட்டாணி. அவள் ஸ்டூலைப் பிடித்து எழப் பார்த்தாள், கால் நடுங்கி உட்கார்ந்தாள், அழுதாள். அப்போது படத்துக்குள்ளிருந்து கத்திரியின் குரல் எரிச்சலோடு கேட்டது.

"ஆடாத பட்டாணி. அப்பா எடுக்கறேன்ல, ஆடாம இரு."

படம் ஓடி முடிந்தது. கத்திரி எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் அங்கேயே நின்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

[இந்தக் காட்சியை நான் பார்க்கவில்லை. அந்தக் குரலை மட்டும் கேட்டேன், எப்படி என்று அடுத்த பகுதியில் வருகிறது. குழாய் என்னுடையது. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், அவன் எங்கேயாவது நிற்க வேண்டுமே.]

ஸ்கேன் தேதிவரை காத்திருக்க முடியாது என்று அன்றைக்கே கிளம்பி வந்தார்கள். வந்து, என் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள்.

6

டாக்டரின் அறைக்கதவு முழுதாக மூடாது. மேலே இருக்கும் ஸ்பிரிங் போய்விட்டது. இது என் பாக்கியம்.

உள்ளே போனதும் கத்திரி என்ன செய்தான் தெரியுமா? முதலில் அந்தப் பழைய துண்டையே மறுபடி காட்டத் தொடங்கினான். மனுஷ புத்தி. இது பார்த்ததுதானே என்றார் டாக்டர். அப்போது டீச்சரின் குரல்: "கத்திரி. முழுசு."

ஓடியது. குழந்தையின் அழுகை, கரண்டி தரையில் விழுந்த சத்தம், பிறகு அந்த "ஆடாத பட்டாணி" எல்லாம் கதவிடுக்கு வழியாக வெளியே வந்தன. கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. டாக்டர் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"சார், இது நான் நினைச்சது இல்ல" என்றார் பிறகு. "தலைக்கு மட்டும் ஸ்கேன் போதாது. கழுத்து, நெஞ்சு, வயிறு, எல்லாம் பார்க்கணும். வயித்துக்கு மட்டும் இப்பவே, மயக்க மருந்து இல்லாம எடுத்துடலாம். மத்ததுக்கு அட்மிட் ஆகிடுங்க."

"கண் ஆடறதுக்கு எதுக்கு டாக்டர் வயிறு?"

டாக்டர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவுக்குச் சொல்கிறேன். சில குழந்தைகளுக்கு வயிற்றிலோ நெஞ்சிலோ, முதுகெலும்பை ஒட்டிச் சின்னதாக ஒரு கட்டி வளர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. உடம்பு அதை எதிர்த்துச் சண்டைக்குக் கிளம்பும். அந்தச் சண்டையில் ஆள் மாறி மூளைக்கும் அடி விழும். கண் சிதறும், கை கால் துள்ளும், நிற்கப் பழகியது மறக்கும், குழந்தை எதற்கெடுத்தாலும் சிணுங்கும். எல்லோருக்கும் கட்டி இருக்கும் என்றில்லை. சிலருக்கு ஒரு காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி வரும். எவ்வளவு தேடினாலும் ஒன்றும் அகப்படாமலும் போகும். ஆனால் தேடாமல் விடக்கூடாது.

"அன்னிக்கே இதைக் காட்டியிருந்தா?" என்று கத்திரி கேட்டான். அந்தக் கேள்விக்காகத்தான் அவன் அவ்வளவு நேரம் உள்ளே தாக்குப்பிடித்திருக்க வேண்டும்.

டாக்டர் பூசி மெழுகவில்லை. "அன்னிக்கே தேட ஆரம்பிச்சிருப்போம்" என்றார். "இப்ப ஆரம்பிக்கலாம். எழுந்திருங்க."

7

இப்போது முடிவு வேண்டும். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: வயிற்றில் ஒன்றுமில்லை. டீச்சர் பெருமூச்சு விடுகிறாள், கத்திரி சுவரில் சாய்கிறான், நாமும் புத்தகத்தை மூடுகிறோம். ஆனால் எனக்கு இது உறுத்துகிறது. ஒன்றுமில்லை என்றால் காரணம் இல்லை. நெஞ்சில் தேட வேண்டும், கழுத்தில் தேட வேண்டும், கொஞ்ச காலம் கழித்து மறுபடியும் தேட வேண்டும். கண்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இரண்டாவது: சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டி. டீச்சரின் கால் முதன்முறையாகப் பிரேக்கைத் தேடித் தவறுகிறது. கேட்கவே ஈரக்குலை நடுங்கும் முடிவு. ஆனால் அவர்கள் ஸ்கேனுக்குக் கிளம்பும்போது டாக்டர் தன் அறை வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். கட்டி என்று ஒன்று இருந்தால், அது சின்னதாக இருக்கும்போதே அகப்பட்டால், பெரும்பாலும் எடுத்துவிடலாம் என்றார். எடுத்த பிறகும் கண்ணும் காலும் நிதானத்துக்கு வர நாளாகும், மருந்து நீளும். ஆனால் எதனோடு சண்டை என்றாவது தெரியும். அப்படியானால் அந்தத் தாய் தகப்பன் ஸ்கேன் அறைக்குள்ளே என்ன வேண்டிக்கொண்டிருப்பார்கள்? இருக்கட்டும் என்றா, இருக்க வேண்டாம் என்றா? இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். எந்த முடிவு நல்ல முடிவு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் துக்கமாகத்தான் இருந்தது.

மூன்றாவது: "பல வருடங்களுக்குப் பிறகு, சைக்கிளின் பின் சீட்டில் அப்பாவை உட்கார வைத்துக்கொண்டு பட்டாணி..."

வேண்டாம். இதுவும் மூக்கில் ஒரு புள்ளியை வைத்துப் பூட்டுகிற வேலைதான். குலுங்குவதையெல்லாம் விழுங்கிவிட்டு, நீங்கள் பார்க்க ஆசைப்படுகிற முகத்தை மட்டும் ஆடாமல் நிறுத்திக் காட்டுவது. எனக்கும் அது நன்றாகவே வரும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

8

ஆகவே நடந்ததை அப்படியே தருகிறேன். ஒழுங்காக இருக்காது.

என் பவர் மாறவில்லை. சொன்னது டாக்டர் இல்லை, கண்ணாடி எழுதிக்கொடுப்பவர். வெளியே வெயில், கண் கூசும் என்று சாக்குச் சொல்லிக் கூடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். வயிற்று ஸ்கேன் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. மருந்து விட்ட என் கண்ணுக்கு அது ஒரு வெள்ளைச் சதுரம். யாரோ டீ வாங்கப் போனார்கள். மின்விசிறி ஒன்று தட்டிக்கொண்டே சுற்றியது.

வெள்ளைச் சதுரம் திறந்தது. கலங்கலாக மூன்று பெரிய உருவங்கள், நடுவில் ஒன்று கையில் எதையோ சேர்த்து அணைத்திருந்தது. ஓர் உருவம் மற்ற இரண்டையும் நிறுத்தி மெல்லப் பேசியது. அது டாக்டர். அந்த நேரம் பார்த்து நர்ஸ் ஒருத்தி தள்ளுவண்டியைக் கடகடவென்று உருட்டிக்கொண்டு குறுக்கே போனாள். அன்று முழுக்க எனக்கு உழைத்த காது அந்த ஒரு வாக்கியத்துக்குக் கைவிரித்துவிட்டது. வண்டி போன பிறகு கேட்டது இவ்வளவுதான்:

"...எதுவா இருந்தாலும் தினமும் வீடியோ வேணும். கை கால் தெரியுற மாதிரி. வெட்டாம."

டாக்டரின் காலடிச் சத்தம் போய்விட்டது. டீச்சர் குனிந்து எதையோ தரையில் இறக்கினாள். சின்ன மங்கல் ஒன்று நாற்காலியின் காலைப் பிடித்தது. எழுந்ததா, எழப் பார்த்ததா, தெரியவில்லை. அது குலுங்கியது. அந்தக் குலுக்கல் எனக்கேகூடத் தெரிந்தது.

கத்திரி தரையில் மண்டியிட்டான். கையில் ஏதோ வெளிச்சமாக இருந்தது, போனாக இருக்கும்.

"ஆடு பட்டாணி" என்றான். "நீ பாட்டுக்கு ஆடு. அப்பா எடுக்கறேன்."

குரல் நடுங்கியது. தலைக்கு வந்தது போய்விட்டாலும் குரல் நடுங்கும், வந்தேவிட்டாலும் நடுங்கும். முகத்தைப் பார்த்திருந்தால் எது என்று சொல்லியிருப்பேன். மூன்று முகங்களும் என் எதிரேதான் இருந்தன, என் கண்ணில் மருந்து இன்னும் இறங்கவில்லை. என்னிடம் இருந்தது அவ்வளவும் இப்போது உங்களிடம் இருக்கிறது. உங்கள் கண்ணில் யாரும் மருந்து விடவில்லை, நீங்கள் பாருங்கள். அவன் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறான்.